நடுநிலைக் குளியலறை

எங்கள் ஊரில் ஒரு பையணிலை இன்னொரு பையணிலுக்கு அறிமுகம் செய்துவைப்பதைவிட ஒரு மனிதனுக்குக் கல்யாணம் செய்துவைப்பது சுலபம். கல்யாணத்துக்கு நகராட்சி மண்டபத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். மோதிரம் மாற்றிக்கொண்டு வெளியே வந்து பியர் குடிக்கப் போய்விடலாம். பையணிலுக்கு அப்படி முடியாது. பையணிலுக்குச் சங்கம் இருக்கிறது.

பையணில் என்றால், கடைக்காரர்கள் சுகர் கிளைடர் என்று சொல்லி விற்கிற அதே ஜீவன்தான். உள்ளங்கையில் அடங்கும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே ஒரு தோல் உண்டு. அலமாரி உச்சியிலிருந்து நாலு காலையும் விரித்துக் குதித்தால் காற்றில் மிதந்து வந்து உங்கள் மூக்கின் மேல் உட்காரும். முகத்தைவிடக் கண் பெரியது. பகலெல்லாம் துணிப்பைக்குள் தூங்கும், இருட்டினால் ரகளை செய்யும். ஒன்றே ஒன்றுதான் அதற்கு ஆகாது: தனிமை. ஜோடி போய்விட்டால் சாப்பாட்டை நிறுத்தும், தன் வால் முடியைத் தானே பிடுங்கும், பிறகு ஒரு நாள் பையைவிட்டு வெளியே வராது.

என் பெபினாவின் ஜோடி ஃபெர்டா வசந்தகாலத்தில் செத்துப்போனான். பழமரங்கள் பூத்து முடிவதற்குள் பெபினாவின் வால் நுனி வழுக்கையாகிவிட்டது. ஆப்பிளை நறுக்கி வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

என் வீடு அடுக்குமாடிக் கட்டடத்தில் நடு மாடியில். குளியலறைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்கள் ஏறி இறங்குகிற ஒரு புகைக்கூண்டு மாதிரி இடம் உண்டு. குளியலறைக்குள் கழிப்பிடத்துக்குப் பின்புறம் அதற்கு ஒரு சின்னக் கதவு. அதன் வழியாக ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'ஆரோக்கியமாக இரு' என்பார்கள். மேல்வீட்டு யார்மிலாவும் நானும் பல வருஷமாக அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம். நேரில் பார்த்தால் இருவருக்கும் கொஞ்சம் கூச்சம்.

"புதுசா ஒரு ஜோடி வாங்கி விடு, ஹூபெர்ட்," என்று யார்மிலா சொன்னாள். "அதுங்க தூங்கற பையை இதுக்குக் கொடு, இதோட பையை அதுங்களுக்குக் கொடு. வாசனை பழகிடும். அப்புறம் குளிக்கிற தொட்டியில எல்லாத்தையும் விட்டு, மேல ஆப்பிள் கூழைத் தடவிடு. ஒண்ணை ஒண்ணு நக்கிக்கிட்டே சொந்தமாயிடும். மனுஷங்களும் அப்படித்தானே, சாப்பாட்டுலதான் சேருவாங்க."

"ஜோடி சங்கத்துலதான் கிடைக்கும். நான் போய்க் கேட்டேன்."

மேலே ஒரு பாத்திரம் விழுந்தது. "கேட்டியா? சங்கத்துல போய் வாயைத் திறந்து கேட்டியா? உனக்கு அறிவு இருக்கா?"

அறிவு இருந்தால் நான் நாடகத்தில் வேலை பார்த்திருப்பேனா? எங்கள் ஊர் நாடக அரங்கில் மேடையின் முன்விளிம்பில் ஒரு பொந்து உண்டு. அதற்குள் கழுத்தளவு இறங்கி உட்கார்ந்து, நடிகர்கள் திணறும்போது அடுத்த வரியை முணுமுணுக்கிறவன் நான். வாழ்நாள் முழுவதும் மன்னர்களின் முழங்காலைப் பார்த்துக் காலம் தள்ளி ஓய்வு பெற்றேன். ஆனால் வாய் ஓய்வு பெறவில்லை. கடையில் யாராவது "ஒரு கிலோ... ஒரு கிலோ..." என்று இழுத்தால், "உருளைக்கிழங்கு" என்று தானாக வந்து விழும். எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னால் வேண்டாத உருளைக்கிழங்கைத் தின்றிருக்கிறார்கள்.

செல்லப்பிராணி வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் இன்ஜினியர் பொஹுமீர் ஸப்லெடால். அவர் எதற்கு இன்ஜினியர் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் பட்டம் சேர்க்காமல் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவர் கோட்டில் தீப்பிடித்தாலும் 'இன்ஜினியர் ஐயா, தீ' என்றுதான் கத்த வேண்டும். எந்தப் பேச்சையும் மலை உச்சியில் ஆரம்பிப்பார், நடுச் சரிவில் நின்றுவிடுவார். அந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து ஒரு சொல் விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். செயலாளர் ஹவ்ரான்கோவா அம்மாள் அருகில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வருவதை அப்படியே குறிப்பெடுப்பார். குறிப்பில் ஏறியது சட்டம். போன வருஷக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய முயலைப் பற்றித் தலைவர் பேசும்போது, "இந்த மாவீரனை... இந்த மாவீரனை..." என்று நின்றார். முன்வரிசையில் இருந்த என் வாயிலிருந்து ஏதோ பழைய சரித்திர நாடகத்தின் வரி நழுவிவிட்டது. "இக்கணமே விடுதலை செய்கிறேன்!" என்று தலைவர் முழங்கினார். ஹவ்ரான்கோவா அம்மாள் எழுதிவிட்டார். முயலை விடுதலை செய்துவிட்டார்கள். அது இன்றைக்கும் பூங்காவில் சுற்றுகிறது. சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கேரட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

இப்படிப்பட்ட சங்கத்திடம் நான் போய்க் கேட்டேன். ஆதாம், ஊர்ஷா என்று ஒரு இளம் ஜோடியைக் கொடுத்தார்கள். ஆதாமுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை ஏற்கனவே முடிந்திருந்தது. ஒரே நிபந்தனை: அறிமுகம் சங்க விதிப்படி, சங்கத்தின் கண்முன்னால் நடக்க வேண்டும். தவறினால் ஜோடியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பெபினா மறுபடியும் தனி.

ஆய்வுக் குழு காலையில் வந்தது. தலைவரும் ஹவ்ரான்கோவா அம்மாளும்தான் குழு. வாசலில் காலணியைக் கழற்றினார்கள். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் துணிச்செருப்பை நீட்டினேன். தலைவர் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதை யார் யார் போட்டிருக்காங்க?"

"வர்றவங்க எல்லாரும்தான், இன்ஜினியர் ஐயா."

"அப்ப இது நடுநிலையான செருப்பு இல்லே."

இருவரும் காலில் உறைபனிப் பெட்டிக்கான பிளாஸ்டிக் பைகளை மாட்டி ரப்பர் வளையம் போட்டுக்கொண்டார்கள். மெழுகு போட்ட தரையில் சறுக்கிக்கொண்டே போய்ச் சமையலறையில் உட்கார்ந்தார்கள். முட்டையும் பன்றித்தொடை இறைச்சியும் அடுக்கிய ரொட்டித் துண்டுகளை வைத்தேன். இந்த வாசனை விலங்குகளின் மனநிலையைப் பாதிக்கும் என்று சொல்லி எல்லாவற்றையும் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். பிறகு தலைவர் எழுந்து, என்னைக் குடும்பப் பெயர் சொல்லி அழைத்தார்.

"குபாத் அவர்களே! இது வெறும் அணில் விஷயம் இல்லே. ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம். இன்னைக்கு ஒரு அணில் இன்னொரு அணிலோட தன் இஷ்டத்துக்குப் பழகும். நாளைக்கு மனுஷனும் சங்கத்தைக் கேக்காம பழக ஆரம்பிச்சிடுவான். எல்லாரும் தானாவே ஒத்துமையா இருந்துட்டா, அப்புறம் எங்களுக்கு... எங்களுக்கு..."

"என்ன வேலை," என்றேன் நான். வேண்டுமென்று இல்லை, வாய்.

"என்ன வேலை! அதேதான்! எழுதிக்குங்க அம்மா."

எழுதிக்கொண்டார்.

புது ஜோடியைக் கூடத்தில் வைத்தார்கள். பெபினா படுக்கையறையில். இரண்டு தரப்பின் வாசனையும் கலந்துவிடக் கூடாதாம். பெபினாவுக்கு உணவு வைக்க நீல அங்கி, புதியவர்களுக்கு வைக்கப் பச்சை அங்கி. அங்கி மாற்றாமல் கதவைத் தாண்டினால் தூது போனதாக அர்த்தம். எனவே படுக்கையறையில் நான் தூங்கக் கூடாது, கூடத்திலும் தூங்கக் கூடாது. சமையலறையில் தூங்கலாம் என்று நினைத்தேன். சங்கக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி அதைக் குழு தன் அலுவலகமாக எடுத்துக்கொண்டது. என் காப்பிக் குவளையின் மேல் 'சங்கம்' என்று ஒட்டிவிட்டார்கள். நான் நடைவழியில், காலணி அலமாரிக்கும் குடைத் தாங்கிக்கும் நடுவில் படுத்தேன். யார் வீட்டில் யார் புதிதாக வந்தவர் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

ஒவ்வொரு நாளும் நீல அங்கியோடு போய்ப் பெபினாவைப் பார்ப்பேன். வைத்த ஆப்பிள் அப்படியே இருக்கும். வழுக்கை வாலின் பாதிக்கு ஏறியிருந்தது. பையைத் திறந்தால் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். நான் ஆப்பிளை இன்னும் சின்னதாக நறுக்கி வைத்துவிட்டு வருவேன்.

அடுத்த கட்டம் பார்வை அறிமுகம். இரண்டு கூண்டுகளையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தலைவர் நாடக அரங்குக்குக் கொண்டுவருகிற பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்தார். மூன்று ஜீவன்களும் அசந்து தூங்கின. காலை போனது. சங்கத்துக்குச் சூப் வைத்தேன்.

தலைவர் சொல்லச் சொல்ல ஹவ்ரான்கோவா அம்மாள் எழுதினார். "இரு தரப்பிலும் பகை தென்படவில்லை. ஆர்வமும் தென்படவில்லை. பெபினா தரப்பு ஒரு முறை புரண்டு படுத்தது. அதன் உள்நோக்கம் பின்னர் ஆராயப்படும்."

"இன்ஜினியர் ஐயா, இதுங்க இருட்டினாத்தான் முழிச்சுக்கும்," என்றேன்.

"சங்கத்தோட வேலை நேரம் காலையிலருந்து மத்தியானம் வரைக்கும். அதுக்குள்ள முழிச்சுக்க வேண்டியது அதுங்க பொறுப்பு."

"அதுங்களுக்கு அது தெரியாதே."

"தெரியாதுங்கறது ஒரு சமாதானமா? நீங்க வரி கட்டலேன்னா தெரியாதுன்னு சொல்ல முடியுமா?"

அன்று இரவும் பெபினா சாப்பிடவில்லை. மறுநாள் குழு வந்ததும் நான் அவர்கள் காலில், அதாவது அவர்களுடைய பிளாஸ்டிக் பையில், விழாத குறையாகக் கெஞ்சினேன். தலைவருக்கு மனம் இளகியது. நேரடி அறிமுகத்துக்கு அனுமதி தந்தார். நடுநிலையான இடம் ஒன்று வேண்டும். யாருடைய வாசனையும் இல்லாத, சிறிய, ஒளிய இடமில்லாத அறை. என் குளியலறையைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் என்னை விட்டே வினிகரால் கழுவவைத்தார்கள்.

"இப்ப ஒரு சாட்சி வேணும்," என்றார் தலைவர். "அதுங்க முழிச்சிருக்கும்போது உள்ள இருந்து பாக்கணும். எந்தத் தரப்பையும் சேராத வாசனை உள்ள ஆளா இருக்கணும்."

ஹவ்ரான்கோவா அம்மாள் மேல் லில்லிப் பூவின் சென்ட் வாசனை அடித்தது. தலைவர் மேல் புகைபோட்ட மீனும் முயல் கூண்டும். இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நான் இங்கேயே இருக்கறவன். என் மேல பெபினா வாசனை இருக்கு."

"நீக்கிடலாம்," என்றார் தலைவர். என் அலமாரியில் இருந்த பிளம் சாராயத்தை எடுத்தார். எங்கள் மொராவியாப் பக்கத்தில் அந்தச் சாராயத்தால் தீராத நோயில்லை. சளிக்கு மார்பில் தடவுவோம், ஜன்னல் கண்ணாடி துடைப்போம், குழந்தை பிறந்தால் குடிப்போம், கிழவன் செத்தால் குடிப்போம். வெளிப்பூச்சு எனக்கு, உட்பூச்சு தலைவருக்கு என்று பங்கிட்டார். பாட்டில் தீர்ந்தபோது நான் நடுநிலையாகியிருந்தேன். தலைவர் அதைவிட நடுநிலையாகியிருந்தார்.

ஒரு பழைய குளியல் அங்கி, ஒரு போர்வை, மூன்று பையணில்கள், நான். எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளிப்பக்கம் கதவுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றி, சங்கத்தின் வட்ட முத்திரையை அழுத்தினார்கள். சாவித்துவாரம் வழியாகப் பார்த்தேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எப்ப திறப்பீங்க, இன்ஜினியர் ஐயா?"

"அடுத்த வேலை நாள்ல பாப்போம்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை!"

"அதனாலதான் அவசரப்படறேன். இப்ப கிளம்பலேன்னா பாலத்துல நெரிசலாயிடும். தோட்டத்து வீட்டுல தக்காளி நாத்து காயுது." கீழே தெருவில் கார் ஹாரன் அடித்தது. பிளாஸ்டிக் பைகள் சறுக்கிக்கொண்டே போயின.

வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் பிரசவ வலியெடுத்தால்கூடத் தோட்டத்து வீட்டுக்குப் போகிற வழியில்தான் குழந்தை பிறக்கும். சனி, ஞாயிறு ஆள் கிடையாது. திங்கள் அரசு விடுமுறை என்பது எனக்குக் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

கதவில் சாவித்துவாரம்தான் மிச்சம், பூட்டு என்றைக்கோ வேலை செய்வதை நிறுத்திவிட்டது, கவனியுங்கள். உள்பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. தனியாக வாழ்கிறவன் அதை யாருக்காகப் போடுவான்? வண்ணம் மேல் வண்ணம் பூசி அது அசையாமல் ஒட்டிப்போயிருந்தது. என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு காகிதப் பட்டை. விரலால் தட்டினால் கிழிந்துவிடும். எங்கள் நாட்டில் சிறைக் கம்பியை அறுத்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. வட்ட முத்திரையைக் கிழித்தவன் கிடையாது. கிழித்தால் விதிமீறல், ஜோடி திரும்பப் போகும், பெபினா தன் மிச்ச வாலையும் தின்றுவிட்டுக் கண்ணை மூடுவாள். அந்தக் காகிதத்தை நான் சுவரைவிடக் கெட்டியாக நம்பினேன்.

"ஹூபெர்ட்," என்று குழாய்க் கதவு வழியாக யார்மிலாவின் குரல் வந்தது. "என்ன அங்க சாராயக் கடை நாத்தம்?"

"நான்தான். நடுநிலையா இருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் குழாய்கள் அதிர்ந்தன. கீழ்வீட்டுக்காரர் உலோகக் குச்சியால் தட்டினார்.

"காகிதத்தைக் கிழிச்சிட்டு வெளியே வாடா, மடையா!"

"முத்திரை இருக்கு, யார்மிலா."

அவளும் இந்த நாட்டுக்காரிதானே. "முத்திரையா," என்றாள் தணிந்த குரலில். "வட்டமா?"

"வட்டம்."

"அப்ப கயிறு தேடறேன்."

இருட்டியதும் மூவரும் விழித்துக்கொண்டார்கள். விழித்த வேகத்தில் உலகப்போர் தொடங்கியது. பையணில் கோபித்தால் எழுப்புகிற ஓசை, காப்பிக்கொட்டை அரைக்கிற இயந்திரத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கும். மூன்று இயந்திரம், ஒரு குளியலறை. ஆதாம் திரைக் கம்பியின் மேல், பெபினா கண்ணாடியின் மேல், ஊர்ஷா என் தலையின் மேல். பெபினா முன்னங்கால்களைத் தூக்கி நின்று வீட்டுக்காரியாகத் திட்டினாள். அத்தனை நாள் சாப்பிடாத உடம்பில் அந்தக் குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. திட்டித் தீர்ந்ததும் பிடி நழுவி, கைகழுவும் கிண்ணத்தில் விழுந்தாள். எழவில்லை.

"யார்மிலா!" என்று கத்தினேன். "ஆப்பிள் கூழ்!"

குழாய்களுக்கு நடுவே துணி காயப்போடும் கயிற்றில் ஒரு ஜாடி ஆடி ஆடி இறங்கியது. கூழை எடுத்து அவள் சொன்னபடியே பெபினாவின் முதுகில் தடவினேன், வாலில் தடவினேன், மற்ற இருவரையும் பிடித்துத் தடவினேன், அவசரத்தில் என் தாடியிலும் தடவிக்கொண்டேன். பிறகு தொட்டிக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்தேன். மேடைக்குக் கீழே உட்கார்ந்து பழகியவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் இங்கே எடுத்துக்கொடுக்க என்னிடம் வரி இல்லை.

முதலில் ஊர்ஷாதான் போனாள். வழுக்கை வாலை முகர்ந்தாள். பெபினா காப்பி அரைத்தாள். ஊர்ஷா ஒரு நக்கு நக்கினாள். மறுபடி காப்பி, ஆனால் கொஞ்சம் கொட்டைதான். இன்னொரு நக்கு. ஆதாம் கம்பியிலிருந்து மிதந்து வந்து கிண்ணத்தின் விளிம்பில் இறங்கினான். பெபினா அவன் தோளில் இருந்த கூழை முகர்ந்தாள். நெடுநேரம் முகர்ந்தாள். அப்புறம் நாக்கை நீட்டினாள்.

"என்னாச்சு, ஹூபெர்ட்? மூக்கை உறிஞ்சற?"

"சாராயம் கண்ணுல பட்டுடுச்சு."

"ஆமாமா," என்றாள் யார்மிலா. "எனக்கும் பட்டுடுச்சு."

விடியும்போது மூவரும் என் அங்கியின் இடது பையில் ஒரே உருண்டையாகக் கிடந்தார்கள். எது யாருடைய கால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சனிக்கிழமை பெபினா அரை ஆப்பிள் தின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆதாமின் பங்கையும் பிடுங்கித் தின்றாள். எனக்குக் கயிற்றில் கோழி சூப்பும் மாவுருண்டையும் வந்தன. குடும்பம் ஆகிவிட்டது. உலகத்தில் அது தெரியாதவர்கள் இரண்டே பேர்தான். அவர்கள் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில், விடுமுறையில் பறித்த காளானின் வாசனை நடைவழியில் வந்தது. பின்னால் குழு வந்தது.

"நல்லா இருக்கா?" என்று தலைவர் கதவருகே அக்கறையோடு கேட்டார்.

"நல்லா இருக்கேன், இன்ஜினியர் ஐயா."

"முத்திரையைக் கேட்டேன்."

முத்திரை நன்றாக இருந்தது. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். மூவரும் என் பையில் ஒன்றாகத் தூங்குகிறார்கள் என்றேன். அங்கியைச் சாவித்துவாரத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். தலைவர் பைனாகுலரை எடுத்து வெளியிலிருந்து பார்த்தார்.

"ஒரு உருண்டைதான் தெரியுது. மூணு உறுப்பினரும் தனித்தனியா தெரியணும்."

"குளிருக்கு ஒட்டிக்கிட்டுத் தூங்கறாங்க ஐயா. அதுதானே நமக்கு வேணும்?"

"ஒத்துமையா இருக்காங்கன்னு நிரூபிக்கணும்னா தனித்தனியா இருக்கணும்," என்றார் ஹவ்ரான்கோவா அம்மாள். "விதி."

"சந்தேகம் இருந்தா முதல்லருந்து ஆரம்பிக்கறதுதான் முறை," என்றார் தலைவர். "மூணு பேரையும் பிரிச்சு மூணு அறையில வைப்போம். பச்சை அங்கி, நீல அங்கி, மூணாவதா ஒரு மஞ்சள் அங்கி வாங்கிடுங்க."

என் பைக்குள் பெபினா தூக்கத்தில் அசைந்தாள். பிரித்தால் இந்தத் தடவை அவள் காத்திருக்க மாட்டாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். முடிவை அறிவிக்கப் போகிறார். நான் மண்டியிட்டுச் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தேன். எதிரே தெரிந்தது அவருடைய முழங்கால். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மன்னர்களின் முழங்கால்! என் வாழ்நாள் முழுக்க நான் பார்த்த காட்சி. என்னுடைய பொந்துக்கு நான் திரும்பி வந்திருந்தேன்.

"நம்ம சங்கத்தோட உயர்ந்த மரபுப்படி," என்று அவர் உச்சியில் ஏறினார், "பல தலைமுறையா கட்டிக் காத்த பொறுப்புணர்ச்சியோட, இந்தக் குளியலறைக்குள்ள இருக்கிற... இருக்கிற..."

நின்றுவிட்டார். முழங்கால் லேசாக ஆடியது. நான் வாயைச் சாவித்துவாரத்துக்குக் கொண்டுபோனேன்.

"எல்லா உயிர்களும்," என்று முணுமுணுத்தேன்.

"எல்லா உயிர்களும்!"

"இன்று முதல் ஒரே குடும்பம்."

"இன்று முதல் ஒரே குடும்பம்!"

"இவர்களைப் பிரிக்க எவனுக்கும் உரிமையில்லை என்று அறிவிக்கிறேன்."

"எவனுக்கும் உரிமையில்லை என்று அறிவிக்கிறேன்!" கண்ணில் நீர் ததும்ப அவர் கைக்குட்டையை எடுத்தார். தன் பேச்சில் தானே உருகிவிட்டார். ஹவ்ரான்கோவா அம்மாளின் பேனா ஓடி, நின்றது. எழுதியாகிவிட்டது.

நான் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் எடுத்துக்கொடுத்த மிகச் சிறந்த வசனம் அது.

"எத்தனை உயிர்?" என்று ஹவ்ரான்கோவா அம்மாள் கேட்டார்.

"மூணு," என்றேன்.

"இப்ப பேசினது யாரு?"

"நான்தான், குபாத்."

"நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்ப நாலு." பேனா ஓடியது. "ரெண்டு பெண், ரெண்டு ஆண். இன்ஜினியர் ஐயா, கலப்புக் குடும்பத்துல வயசு வந்த ஆண் எல்லாருக்கும் அறுவை ஆகியிருக்கணும்."

"ஆதாமுக்கு ஆயிடுச்சு!" என்று கத்தினேன்.

"நாங்க ஆதாமைக் கேக்கலே," என்றார் தலைவர்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து நின்றேன். "நான் மனுஷன்யா!"

"குபாத் அவர்களே, நம்ம சங்கம் இனம் பாத்துப் பாகுபாடு பண்ணினதே கிடையாது. இதுவரைக்கும் அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. பயப்படாதீங்க, மருத்துவர் கைராசிக்காரர். ஆதாமோட தையலைப் பாக்கறதுக்காகக் கூடவே கூட்டிட்டு வந்தோம். கீழ கார்ல இருக்கார்."

"நாலுன்னு எழுதினதை மூணுன்னு திருத்திட்டாப் போச்சு!"

"ஒரு வார்த்தையை மட்டும் திருத்த முடியாது," என்றார் ஹவ்ரான்கோவா அம்மாள். "அறிவிப்பு முழுசையும் ரத்து பண்ணலாம். ரத்து ஆனா மூணு பேரையும் பிரிக்கணும். ரத்து பண்ணவா?"

பையின் வாயைத் திறந்து பார்த்தேன். வெளிச்சம் பட்டுப் பெபினா ஒரு கண்ணைத் திறந்தாள். அவள் தலைமேல் ஊர்ஷாவின் கால், கழுத்தைச் சுற்றி ஆதாமின் வால். என் விரலில் ஒட்டியிருந்த ஆப்பிளை ஒரு நக்கு நக்கிவிட்டு மறுபடி அந்த உருண்டைக்குள் புதைந்துகொண்டாள். வழுக்கையில் வெல்வெட் மாதிரி புது முடி லேசாகத் தெரிந்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரிந்தது.

"குபாத் அவர்களே? ரத்து பண்ணவா?"

"வேண்டாம்," என்றேன்.

"மருத்துவரைக் கூப்பிடுங்க," என்றார் தலைவர். ஹவ்ரான்கோவா அம்மாள் படியிறங்கிய சத்தம் கேட்டது. தலைவர் ஒரு கத்தியால் முத்திரையை மிகுந்த மரியாதையோடு பெயர்க்க ஆரம்பித்தார். மெழுகு துண்டு துண்டாக விழுந்தது. அத்தனை நாள் நான் ஏங்கிக் கிடந்த சத்தம்.

நான் போர்வையைச் சுற்றிய கையால் தாழ்ப்பாளைப் பிடித்தேன். அது அசையவில்லை. தோளைக் கொடுத்து, காலைச் சுவரில் ஊன்றி, என் உடம்பில் மிச்சமிருந்த நடுநிலை எல்லாவற்றையும் திரட்டித் தள்ளினேன். பல வருஷத்து வண்ணம் பொரிந்து உதிர்ந்தது. தாழ்ப்பாள் படக்கென்று உள்ளே போய் விழுந்தது.

வெளியே கைப்பிடி ஆடியது. நின்றது. படியேறி வந்த காலடிகளும் நின்றன.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு," என்றார் தலைவர் திகைத்துப்போய். "பிராணி உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா என்ன பண்ணணும்? பாருங்க அம்மா."

தாள்கள் புரண்டன. நெடுநேரம் புரண்டன.

"அதுக்கு விதி இல்லீங்க, இன்ஜினியர் ஐயா."

குழாய்க் கதவு லேசாகக் கிரீச்சிட்டது. "ஹூபெர்ட்," என்று யார்மிலா ரகசியக் குரலில் கேட்டாள், "தாழ்ப்பாள் சத்தம் கேட்டுதே. சூப் இறக்கவா?"

"இறக்கு," என்றேன் தொட்டிக்குள் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "ஆப்பிளும் வை. குடும்பம் பெருசு."